செமஸ்டர் தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவரா, கணினியா?

பார்வையற்ற பிள்ளை கல்லூரியில் சேர்ந்ததும் வீட்டார் முதலில் விசாரிப்பது ஹாஸ்டலையும் உதவித்தொகையையும்தான். தேர்வை எப்படி எழுதப்போகிறார் என்ற கேள்வி ஹால் டிக்கெட் வந்த பிறகே எழுகிறது. அந்த நேரத்தில் யார் அகப்படுகிறாரோ அவரை எழுத உட்கார வைப்பதைத் தவிர வேறு வழியிருக்காது. ஆகவே முதல் மாதத்திலேயே இதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

மத்திய சமூக நீதி அமைச்சகம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் பிரெய்ல், கணினி, பெரிய எழுத்து, விடையை ஒலிப்பதிவு செய்தல் எனப் பல முறைகளைச் சொல்லி, எது வேண்டும் என்பதை மாணவரிடமே விட்டன. நடைமுறையில் பெரும்பாலோர் முன் நிற்பவை இரண்டு: சொல்வதை எழுதுபவர், திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் உள்ள கணினி.

எழுதித் தர ஒருவர் இருந்தால் புதிதாக எதையும் பழக வேண்டாம். பள்ளியிலேயே பலருக்கு இது வழக்கம். ஆனால் விடைத்தாளில் என்ன விழுந்தது என்று மாணவருக்குத் தெரியாது. தமிழ் இலக்கியத் தேர்வில் ‘அளபெடை’ என்று சொல்கிறீர்கள். இலக்கணம் படிக்காத ஒருவர் ‘அலபெடை’ என்று எழுதுகிறார். குறைவது உங்கள் மதிப்பெண். எழுதுபவரைத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே சந்திக்கலாம் என்றும், வெவ்வேறு தாள்களுக்கு வெவ்வேறு ஆட்களை வைத்துக்கொள்ளலாம் என்றும் அதே நெறிமுறைகள் சொல்கின்றன. அந்தச் சந்திப்பை அறிமுகத்தோடு முடித்துவிடாதீர்கள். பாடத்தின் கலைச்சொற்களில் ஒரு பக்கம் சொல்லி எழுத வைத்து, எழுத்தெழுத்தாகத் திருப்பி வாசிக்கச் சொல்லுங்கள்.

கணினியில் எழுதினால் சொல்லும் எழுத்தும் உங்களுடையவை. மூன்றாம் பத்தியில் நினைவுக்கு வந்ததை முதல் பத்தியில் சேர்க்கலாம், பிடிக்காத வரியை அழிக்கலாம். எழுதித் தருபவரிடம் நான்கு முறை மாற்றச் சொல்ல எந்த மாணவருக்கும் கூச்சம் வரும். பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர்கள் மைக்கேல் கரன், ஜேம்ஸ் தே இருவரும் உருவாக்கிய என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், தமிழும் வாசிக்கும். சிக்கல் வினாத்தாளில் வரும். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பைத் திறந்தால் திரையில் அழகான தமிழ் தெரியும். காதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் விழும். காரணம், அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பவை. வினாத்தாள் யூனிகோடில் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். வினாத்தாளை ஸ்கேன் செய்து படமாகக் கொடுத்தாலும் திரைவாசிப்பானால் அப்படியே வாசிக்க முடியாது. முந்தைய நாளே கணினியைச் சோதித்துப் பார்க்க நெறிமுறைகள் இடம் தருகின்றன, அதைத் தவறவிடாதீர்கள்.

கூடுதல் நேரம் இரண்டு முறைக்கும் உண்டு: மணிக்குக் குறைந்தது 20 நிமிடம், மூன்று மணித் தாளுக்கு ஒரு மணி நேரம்.

வரலாறு, இலக்கியம், சட்டம் போலக் கட்டுரை விடை கேட்கும் பாடங்களுக்குக் கணினியைத்தான் நான் சொல்வேன். பின்னால் அலுவலகத்தில் உட்காரும்போது பக்கத்தில் எழுதித் தர யாரும் இருக்க மாட்டார்கள். தட்டச்சு கையோடு வரும். ஆனால் வேகம் ஒரே நாளில் வராது. முதல் ஆண்டு செமஸ்டருக்கு ஆள் வைத்துக்கொண்டு, இன்டர்னல் தேர்வுகளைக் கணினியில் எழுதிப் பழகி, இரண்டாம் ஆண்டில் முழுதாக மாறலாம். சமன்பாடும் வரைபடமும் நிறைந்த கணிதம், புள்ளியியல் தாள்களுக்கு, அந்தக் குறியீடுகளை அறிந்த ஒருவர் எழுதித் தருவதே இப்போதைக்கு மேல். பிரெய்ல் விடைத்தாளைத் திருத்த ஆள் கிடைப்பது அரிது. ஆனாலும் பிரெய்ல் தெரிந்தவர்கள் விடைக் குறிப்பு போட்டுக்கொள்ள பிரெய்ல் எழுதும் தகட்டையும் ஊசியையும் உள்ளே கொண்டுபோக அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பார்வை இருந்தும் எழுதக் கை ஒத்துழைக்காதவர்களுக்கும் வழி உண்டு. விகாஷ் குமார் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம், எழுதித் தர ஆள் கேட்க 40 சதவீத ஊனம் இருந்தாக வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது.

எந்த முறையானாலும் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகலோடு முதல்வருக்கும் தேர்வுக் கட்டுப்பாட்டாளருக்கும் மனு கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்குங்கள். நெறிமுறைகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் பல்கலைக்கழகத்தின் இப்போதைய சுற்றறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். “அப்படி வழக்கமில்லை” என்று அலுவலகத்தில் சொன்னால், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு இரண்டாவது மனு கொடுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால், இரண்டு மனுக்களின் நகலோடு மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் செய்யலாம்.