மார்வெல் படங்கள்: எந்த வரிசையில் பார்ப்பது?

கேள்வி: பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் என் மகன், மார்வெல் படங்களை எல்லாம் கதை நடக்கும் கால வரிசையில் சேர்ந்து பார்க்கலாம் என்கிறான். நான் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. ‘கேப்டன் அமெரிக்கா’வில் தொடங்க வேண்டுமாம். சரிதானா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: கணக்குப்படி உங்கள் மகன் சொல்வது சரி. 2011-இல் வந்த முதல் ‘கேப்டன் அமெரிக்கா’ இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கதை. அடுத்தது 1995-இல் நடக்கும் ‘கேப்டன் மார்வெல்’ (2019). அதற்கும் பிறகுதான் 2008-இல் எல்லாவற்றையும் தொடங்கிவைத்த ‘அயர்ன் மேன்’. அவன் எல்லாவற்றையும் பார்த்து முடித்தவனாக இருப்பான். அவனுக்கு இந்த வரிசை விருந்துதான். போர்க்காலத்தில் வில்லன் கையில் சிக்கும் டெசராக்ட் என்ற நீலக் கனசதுரம் 1995-இல் யாரிடம் இருந்தது, 2012-இன் ‘அவெஞ்சர்ஸ்’ வரை எப்படி வந்து சேர்ந்தது என்று ஒரே கோட்டில் தொடரலாம். ஆனால் முதல்முறை பார்க்கும் உங்களுக்கு இது வேண்டாம். படங்கள் வெளியான வரிசையிலேயே பாருங்கள்.

காரணம், 2019-இல் வந்த படம், அதற்கு முன் வந்தவற்றைப் பார்த்தவர்களுக்காக எடுக்கப்பட்டது. நிக் ஃப்யூரி என்ற ஒற்றைக்கண் அதிகாரியையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘அயர்ன் மேன்’ முடிந்து பெயர்கள் ஓடிய பிறகு, இருட்டிலிருந்து வந்து நிற்பார். யார் இவர், என்ன சொல்கிறார் என்ற குறுகுறுப்புதான் அந்தக் காட்சியின் முழு பலம். ‘கேப்டன் மார்வெல்’ பார்த்துவிட்டு வருகிறவருக்கு அவர் இரண்டு மணி நேரம் கூடவே இருந்த பழைய ஆள். ‘அவெஞ்சர்ஸ்’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பதுகூட முன்பே தெரிந்திருக்கும். ‘விண்டர் சோல்ஜர்’ (2014) படத்தில் தன் கண் போன கதையை, யாரையோ நம்பிக் கெட்டவர்போலக் கனமாகச் சொல்வார். அந்தக் கனத்தைப் பிற்பாடு ‘கேப்டன் மார்வெல்’ ஒரு குறும்பால் கவிழ்க்கும். முந்தையதைக் கேட்காதவருக்கு அந்தக் குறும்பில் சிரிக்க ஒன்றுமில்லை.

இன்னொரு வம்பும் உண்டு. கதை 1995 என்றாலும், பெயர்கள் ஓடும்போது வரும் காட்சி 2018-இன் ‘இன்ஃபினிட்டி வார்’ முடிவுக்குப் பிந்தையது. இரண்டாவதாக இதைப் பார்த்தால், அறிமுகமே ஆகாதவர்கள் ஏன் இடிந்துபோய் நிற்கிறார்கள் என்று விழிப்பீர்கள். முதல் ‘கேப்டன் அமெரிக்கா’வும்கூட நம் காலத்தில் தொடங்கி நம் காலத்திலேயே முடிகிறது. ஒரு படம் முழுவதும் ஒரே காலத்தில் நின்றால்தானே வரிசை போட முடியும்? போட்டவர்களுக்கே கணக்கு உதைத்திருக்கிறது. ‘ஸ்பைடர்-மேன்: ஹோம்கமிங்’ (2017), ‘அவெஞ்சர்ஸ்’ படத்தில் வரும் 2012-இன் நியூயார்க் சண்டைக்கு எட்டு ஆண்டு கழித்து என்று எழுத்துப் போடும். கூட்டிப் பார்த்தால் 2020. ஆனால் கதைப்படி அது 2016-இன் ‘சிவில் வார்’ முடிந்த கொஞ்ச நாளில் நடப்பது!

மகனைச் சமாதானப்படுத்தச் சில இடங்களில் விட்டுக்கொடுக்கலாம். ‘கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி’யின் முதலிரண்டு பாகங்களுக்கு இடையே கதையில் சில மாதங்கள்தான் இடைவெளி, அடுத்தடுத்துப் பார்க்கலாம். ‘பிளாக் பேந்த’ரை (2018) ‘சிவில் வா’ருக்கு அடுத்து நகர்த்துவதில் லாபம்தான்: ‘சிவில் வா’ரில் தந்தையை இழந்த நாயகன் டி’சல்லாவின் துக்கம் ஆறுவதற்குள் அவன் முடிசூடும் கதை வரும், ‘தோர்: ரக்னராக்’ முடிந்த கையோடு ‘இன்ஃபினிட்டி வா’ருக்குள்ளும் நுழையலாம். ‘ஆன்ட்-மேன் அண்ட் த வாஸ்ப்’பை மட்டும் அதற்கு முன்னால் வைக்கவிடாதீர்கள். அதன் கடைசிக் காட்சி குட்டை உடைத்துவிடும்.

‘அயர்ன் மேன்’ முதல் ‘ஸ்பைடர்-மேன்: ஃபார் ஃப்ரம் ஹோம்’ வரை 23 படங்கள். ஒரு விடுமுறைக்கு அது போதும். அதற்குமேல் தொடர்களும் சேர்ந்துகொள்கின்றன. காலத்துக்கே வெளியே இயங்கும் ஓர் அலுவலகத்தில் நடக்கும் ‘லோகி’யை எந்த வரிசையில் செருகுவது என்று எனக்குப் புரியவில்லை. ‘சிவில் வார்’ முடிந்ததுமே ‘பிளாக் விடோ’ (2021) பார்த்தாக வேண்டும் என்று மகன் அடம்பிடித்தால் சரி என்று சொல்லுங்கள். ஆனால் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் டி.வி.யை அணைத்துவிடுங்கள், மிச்சக் காட்சியை ‘எண்ட்கேம்’ பார்த்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.