கல்லுக்கு அடியில் ஒரு வீடு

பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை அது. காலை எட்டு மணிக்கே அத்தை என்னையும் தம்பியையும் புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதிக்கு அழைத்துச் சென்றார். அவர் உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியராகப் பணிபுரிகிறார்.

"ஒரு பாதையில் ஏறி, வேறொரு பாதையில் இறங்கி, புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வரப்போகிறோம். நாம் கொண்டுபோகும் எதையும் காட்டில் விடக்கூடாது. காட்டில் இருக்கும் எதையும் கலைக்கவும் கூடாது," என்றார் அத்தை. நாங்கள் தலையாட்டினோம்.

புக்கிட் தீமா மலையின் உயரம் ஏறத்தாழ 163 மீட்டர்தான். ஆயினும், சிங்கப்பூரில் இயற்கையாக அமைந்த குன்றுகளுள் இதுவே மிக உயரமானது. செங்குத்தான சாலையில் ஏறும்போதே எனக்கு மூச்சு வாங்கியது. உச்சியில் சற்று இளைப்பாறிய பிறகு, காட்டுப் பாதையில் இறங்கத் தொடங்கினோம். அங்கே வேர்களும் கருங்கற்களுமே படிகளாக இருந்தன. முந்திய இரவு பெய்த மழையில் கற்கள் வழுக்கின. "பாசி படிந்த கல்லை மிதிக்காதீர்கள். சிறு சிறு அடியாக எடுத்து வையுங்கள்," என்று அத்தை எச்சரித்துக்கொண்டே வந்தார்.

சற்று நேரத்தில் நீர் சலசலக்கும் ஓசை கேட்டது. பாதையை ஒட்டி, கற்களுக்கிடையே ஒரு சிற்றோடை ஓடியது. அத்தை பின்னால் நின்று ஒரு மரத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். தம்பி ஓடைக்குள் இறங்கித் தட்டையான கற்களைப் புரட்டி எடுத்தான். நான் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். ஐந்து கற்கள் கோபுரம்போல் நின்றன. படம் எடுக்கக் கைப்பேசியை நீட்டினேன்.

"கற்களை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்," என்ற குரல் கேட்டுத் திரும்பினேன். அத்தை கோபப்படவில்லை. ஆனால், அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை.

"வெறும் கல்தானே, அத்தை?" என்றான் தம்பி.

"நமக்குக் கல். அதற்கு அடியில் வாழும் உயிருக்கு வீடு," என்று கூறிய அத்தை, ஒரு நண்டின் கதையைச் சொல்லத் தொடங்கினார்.

சிங்கப்பூர் நன்னீர் நண்டு உலகில் வேறெந்த நாட்டிலும் காணப்படாத உயிரினம். இதே புக்கிட் தீமா வனத்தின் ஓடையொன்றில் கண்டெடுக்கப்பட்ட இந்த நண்டைப் புதிய இனம் என்று 1986ஆம் ஆண்டில் உயிரியலாளர் பீட்டர் இங் அறிவித்தார். நன்கு வளர்ந்த நண்டின் ஓடுகூட ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் அகலம்தான் இருக்கும். அது பகலில் கற்களுக்கு அடியில் பதுங்கியிருக்கும். இரவில் வெளியே வரும்.

கடல் நண்டுகளின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து வெகுதூரம் பரவும். நன்னீர் நண்டு அப்படியன்று. அதன் முட்டையிலிருந்து சின்னஞ்சிறு நண்டே நேரடியாக வெளிவரும். அது பிறந்த ஓடையிலேயே வாழும். ஆகவே, ஓர் ஓடையில் இவ்வினம் அழிந்துவிட்டால், வேறோர் ஓடையிலிருந்து நண்டுகள் எளிதில் வந்து சேரமாட்டா. முதன்முதலில் கண்டெடுக்கப்பட்ட ஓடையிலேயே பின்னாளில் ஆய்வாளர்கள் தேடியபோது அந்த நண்டு கிடைக்கவில்லை. ஓடைநீரில் அமிலத்தன்மை கூடியது காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினர். இன்று இந்நண்டு முற்றாக அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களுள் ஒன்று. வேறு சில ஓடைகளில் எஞ்சியிருப்பவற்றைக் காக்கவும், அவற்றை வளர்ப்பிடங்களில் பெருக்கவும் அறிவியலாளர்கள் முயன்று வருகிறார்கள்.

"இந்த ஓடையில் அந்த நண்டு இருக்கிறதா, அத்தை?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் கல்லை அசைக்கக்கூடாது என்கிறேன். நண்டு இல்லாவிட்டாலும் இறால், மீன், பூச்சி என்று ஏதேனும் ஓர் உயிர் அங்கே ஒதுங்கியிருக்கும். கல்லைப் புரட்டினால் சேறு கலங்கும். ஒதுங்கிய உயிர் நசுங்கவும் கூடும். நீங்கள் இருவர் மட்டும் என்றால் பரவாயில்லை. ஆனால், இங்கு வருவோர் ஆயிரமாயிரம் பேர். பலரின் காலடி பட்டுப் பாதைகள் தேய்ந்துபோனதால், பழுதுபார்ப்பதற்காக இவ்வனத்தையே 2014 முதல் 2016 வரை பெரும்பாலும் மூடிவைக்க நேர்ந்தது."

நாங்கள் கோபுரத்தைக் கலைத்தோம். பாசி படிந்த பக்கம் மேலே இருக்குமாறு ஒவ்வொரு கல்லையும் அதனதன் குழியில் மெல்லப் பொருத்தினோம். நான்கு கற்கள் சரியாக அமர்ந்தன. ஐந்தாவது கல்லை எங்கிருந்து எடுத்தான் என்பது தம்பிக்கு நினைவில்லை. வெகுநேரம் தேடினோம். கடைசியில், ஓடையின் ஓரத்தில் ஏதோ ஓரிடத்தில் அதை வைத்துவிட்டு நடந்தோம்.

ஒரு மணி நேரத்தில், புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்ந்தோம். என் கைப்பேசியில் கோபுரத்தின் படம் இல்லை. ஆனால், இடம் தெரியாமல் வைத்துவிட்டு வந்த அந்த ஐந்தாவது கல் இன்னும் என் நினைவில் இருக்கிறது.

சிந்தித்து விடை கூறுக

1. சிங்கப்பூர் நன்னீர் நண்டு ஓர் ஓடையில் அழிந்தால், அங்கு மீண்டும் தோன்றுவது ஏன் கடினம்?

2. "தெரியாததால்தான் கல்லை அசைக்கக்கூடாது" என்று அத்தை கூறியதன் பொருளை விளக்குக.

3. ஐந்தாவது கல் எழுத்தாளரின் நினைவில் நிலைத்திருப்பதற்கான காரணத்தை உம் சொந்தச் சொற்களில் எழுதுக.