சோப்புக் கட்டியின் மேல் ஒரு பெயர்

'பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?' என்று கேட்பது நம் வழக்கம். மல்லிகை இருக்குமிடத்தை அதன் மணமே சொல்லிவிடும். வாங்குபவர் பார்த்து, முகர்ந்து, பேரம் பேசி வாங்கிச் செல்கிறார். ஆனால் மூடிய பொட்டலத்திற்குள் இருக்கும் தேயிலைக்கும், தாள் சுற்றிய சோப்புக்கும் இந்த வசதி இல்லை. உள்ளே இருப்பதைக் காணாமல், மேலே அச்சிட்ட பெயரை நம்பியே காசு கொடுக்கிறோம். இப்பழக்கம் எப்படித் தோன்றியது? அந்தப் பெயரை நம்பச் சொல்லும் விளம்பரம் எங்கிருந்து வந்தது? இவற்றிற்கு விடை காணப் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்துக்குச் செல்வோம்.

பெயரில்லாச் சரக்கு

அந்நூற்றாண்டின் முற்பகுதியில் ஓர் ஆங்கிலேய மளிகைக் கடைக்குள் நுழைந்தால் இன்று நாம் காணும் வண்ண வண்ணப் பொட்டலங்களைக் காண முடியாது. தேயிலை பெட்டியில் இருக்கும். மாவு மூட்டையில் இருக்கும். சர்க்கரை கூம்பு வடிவில் கெட்டியாக இருக்கும். சோப்பு நீண்ட பாளமாக வரும். கடைக்காரர் அதை வெட்டி, நிறுத்து, தாளில் சுற்றித் தருவார். அதைச் செய்தவர் யார் என்பது வாங்குபவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை. அவர் நம்பியது கடைக்காரரை மட்டுமே.

கடைக்காரர் யாரை நம்பினார்? மொத்த வியாபாரியை. துறைமுகத்திலிருந்தும் ஆலைகளிலிருந்தும் சரக்கைப் பெருமளவில் வாங்கிக் கிடங்கில் சேர்ப்பவர் அவர். சிறு கடைகளுக்குக் கடனில் சரக்கு கொடுப்பவரும் அவரே. கடன் பட்டவர் எதிர்த்துப் பேச முடியுமா? மொத்த வியாபாரி அனுப்பியதைக் கடைக்காரர் விற்றார். கடைக்காரர் விற்றதை ஊரார் வாங்கினர். சரக்கு எங்கிருந்து வந்தது, வழியில் அதில் என்ன சேர்ந்தது என்பதெல்லாம் கிடங்கின் இருட்டிலேயே மறைந்துவிட்டன.

வெளுத்ததெல்லாம் பாலா?

இந்த இருட்டில் கலப்படம் கொழுத்தது. 1851 முதல் 1854 வரை டாக்டர் ஆர்தர் ஹில் ஹாசல் என்பவர் லண்டன் கடைகளிலிருந்து உணவுப் பொருள்களை வாங்கி வந்து நுண்ணோக்கியில் சோதித்தார். காப்பித் தூளில் சிக்கரி இருந்தது. கடுகுத் தூளில் கோதுமை மாவு கலந்து, நிறத்திற்கு மஞ்சள் சேர்த்திருந்தார்கள். ரொட்டியில் படிகாரம் இருந்தது. 'லான்செட்' என்னும் மருத்துவ இதழ் இம்முடிவுகளை, விற்ற கடைக்காரர்களின் பெயர், முகவரியுடன் வெளியிட்டது. நாடே திடுக்கிட்டது.

இதைவிடக் கொடியது 1858-ஆம் ஆண்டு பிராட்போர்டு நகரில் நிகழ்ந்தது. அங்கு மிட்டாயை மொத்தமாகச் செய்து விற்பவர் ஒருவர் இருந்தார். சர்க்கரை விலை அதிகம் என்பதால் அதில் ஒரு பகுதிக்குப் பதிலாக மலிவான வெள்ளைத் தூளைக் கலப்பது அக்காலத்தில் வழக்கம். அந்தத் தூளை வாங்கி வர ஆள் அனுப்பினார். மருந்துக் கடையின் உதவியாளர் தவறுதலாக வேறொரு வெள்ளைத் தூளை எடுத்துக் கொடுத்துவிட்டார். அது 12 பவுண்டு எடையுள்ள ஆர்சனிக் நஞ்சு! சந்தையில் அந்த மிட்டாயை வாங்கித் தின்றவர்களில் ஏறக்குறைய இருபது பேர் மாண்டனர். அவர்களில் குழந்தைகளும் உண்டு. இருநூறு பேருக்கு மேல் நோயுற்றனர். வழக்கு நடந்தும் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. செய்தவர் ஒருவர், தூள் விற்றவர் ஒருவர், சந்தையில் விற்றவர் ஒருவர். பலர் கை பட்ட சரக்கிற்குப் பொறுப்பேற்க எவரும் இல்லை.

இதன்பின் 1860-ஆம் ஆண்டிலும், அதைவிட வலுவாக 1875-ஆம் ஆண்டிலும் கலப்படத் தடைச் சட்டங்கள் வந்தன. அவற்றோடு மக்கள் மனத்திலும் ஒரு கேள்வி வேர்விட்டது. 'இதைச் செய்தது யார்?' என்பதே அக்கேள்வி.

பெயர் பிறக்கிறது

அக்கேள்விக்கு விடையளிக்கச் சில உற்பத்தியாளர்கள் முன்வந்தனர். ஜான் ஹார்னிமன் என்பவர் 1826-ஆம் ஆண்டிலேயே தேயிலையை மூடி முத்திரையிட்ட பொட்டலங்களில் விற்கத் தொடங்கியிருந்தார். கேட்பரி சகோதரர்கள் தங்கள் கோக்கோவில் அதுவரை உருளைக்கிழங்கு மாவு முதலியவற்றைச் சேர்த்து வந்தார்கள். 1866-ஆம் ஆண்டில் அக்கலவையின்றிக் கலப்பற்ற கோக்கோத் தூளைக் கொண்டுவந்து, அதன் தூய்மையையே விளம்பரமாக்கினார்கள்.

விளம்பரத்திற்கு ஏற்ற காலமும் கனிந்திருந்தது. 1853-ஆம் ஆண்டில் பத்திரிகை விளம்பரங்களின் மீதிருந்த வரி நீக்கப்பட்டது. சோப்பின் மீதிருந்த வரியும் அதே ஆண்டில் ஒழிந்தது. 1855-இல் செய்தித்தாள் முத்திரை வரியும் 1861-இல் காகித வரியும் போயின. பத்திரிகைகள் மலிந்தன, எழுதப் படிக்கத் தெரிந்தோர் பெருகினர். 1875-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வணிகச் சின்னங்களைப் பதிவு செய்யும் முறையும் வந்தது. 1876 ஜனவரி முதல் நாளில் பதிவான முதற் சின்னம் ஒரு மதுபானக் கம்பெனியின் சிவப்பு முக்கோணம். அது முதல் ஒருவர் பதிவு செய்த சின்னத்தை மற்றொருவர் பயன்படுத்தினால் நீதிமன்றம் போகலாம். ஒரு பொருளின் பெயரே சொத்தாகிவிட்டது!

மொத்த வியாபாரியின் மகன்

இந்த மாற்றத்தை நன்கு உணர்ந்தவர், வியப்பாக, ஒரு மொத்த வியாபாரியின் மகனே. போல்டன் நகரில் மொத்த மளிகை வியாபாரம் செய்து வந்த ஜேம்ஸ் லீவரின் மகன் வில்லியம் லீவர் 1851-இல் பிறந்தார். பதினாறாம் வயதில் தந்தையின் வியாபாரத்தில் சேர்ந்தார். சோப்புப் பாளங்களை வெட்டித் தாளில் சுற்றுவது அவருக்குத் தரப்பட்ட தொடக்க வேலைகளுள் ஒன்று. யார் செய்தது என்று தெரியாத சோப்பை வெட்டி வெட்டித்தான் அவர் வியாபாரம் கற்றார்.

1884-ஆம் ஆண்டில் அவர் 'சன்லைட்' என்னும் பெயரைப் பதிவு செய்தார். கவனியுங்கள், மாணவியரே! அப்போது அவரிடம் சோப்பு ஆலையே கிடையாது. முதலில் வந்தது பெயர். ஆலை பின்னர்தான் வந்தது. பிறர் செய்து கொடுத்த சோப்பின் தரம் ஒரே சீராக இல்லாததால், 1885-இல் வாரிங்டனில் ஓர் ஆலையைக் குத்தகைக்கு எடுத்துத் தாமே செய்யத் தொடங்கினார். சோப்பைச் சிறு கட்டிகளாக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளில் சுற்றிப் பெயரை அச்சிட்டார். பத்திரிகைகளிலும் சுவர்களிலும் இரயில் நிலையங்களிலும் அப்பெயரே கண்ணில் பட்டது. 1888-ஆம் ஆண்டில் 'லீவர் சகோதரர்கள், இங்கிலாந்து' என்று பொறித்த சன்லைட் சோப்புப் பெட்டிகள் கல்கத்தாத் துறைமுகத்திற்கே வந்திறங்கின.

இதனால் வியாபாரத்தின் போக்கே தலைகீழாயிற்று. முன்பு மொத்த வியாபாரி தள்ளியது கடைக்கு வந்தது. இப்போது வீட்டுப் பெண்மணி கடைக்கு வந்து, 'சோப்பு கொடுங்கள்' என்று கேட்கவில்லை. பெயர் சொல்லிக் கேட்டாள். அவள் கேட்டதைக் கடைக்காரர் வாங்கி வைக்க வேண்டியதாயிற்று; கடைக்காரர் கேட்டதை மொத்த வியாபாரி தருவிக்க வேண்டியதாயிற்று. மொத்த வியாபாரி மறைந்துவிடவில்லை. கிடங்கும் கடனும் போக்குவரத்தும் அவர் கையில் இருந்தன. ஆனால் எதை விற்பது என்று முடிவு செய்யும் அதிகாரம் அவரிடமிருந்து நழுவியது. அது யாரிடம் சென்றது? வாங்கும் பெண்ணிடமா, அவள் மனத்தில் பெயரைப் பதித்த விளம்பரக்காரரிடமா? சிந்திக்க வேண்டிய இடம் இது.

பொருளைச் சொல்லாத விளம்பரம்

தொடக்கத்தில் விளம்பரம் பொருளைப் பற்றிப் பேசியது: 'இது தூய்மையானது; கலப்பில்லாதது' என்றது. அது நன்மையே. ஆனால் எல்லாச் சோப்பும் தூயதென்று சொல்லிக்கொள்ளத் தொடங்கியபின், விளம்பரம் பொருளை விட்டு வாங்குபவரின் மனத்தைத் தொடத் தொடங்கியது.

பிரித் என்னும் புகழ்பெற்ற ஓவியர், புதுச் சட்டையின் வெண்மையைப் பெருமையோடு காட்டும் ஒரு சிறுமியை வரைந்திருந்தார். 1889-இல் லீவர் அந்த ஓவியத்தை விலைக்கு வாங்கிச் சோப்பு விளம்பரமாக்கினார். ஓவியருக்கு அது பிடிக்கவில்லை. மற்றொரு சன்லைட் விளம்பரம், ஆணைவிடப் பெண் விரைவில் முதுமைத் தோற்றம் அடைவது ஏன் என்று கேட்டது. துணி துவைக்கும் நாளின் கடும் உழைப்பைச் சுட்டி, அதற்கு மருந்து இந்தச் சோப்பே என்றது. பெண்ணின் உழைப்பை எண்ணிப் பார்த்தது சரிதான். ஆனால் கூடவே, முகம் முதிர்ந்துவிடுமோ என்ற அச்சத்தையும் அவள் மனத்தில் விதைத்தது.

இன்னும் வருந்தத்தக்கதும் உண்டு. 1880-களில் பியர்ஸ் சோப்பு விளம்பரம் ஒன்று, கறுப்பினக் குழந்தை ஒன்று குளித்ததும் வெள்ளையாகிவிடுவதாகப் படம் போட்டது. கறுப்பு அழுக்கு, வெளுப்பு தூய்மை என்னும் பொய்யைச் சிரிப்புப் படமாக வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. அந்தப் பொய் அந்நூற்றாண்டோடு முடிந்துவிடவில்லை. சிவப்பழகு தருவதாகச் சொல்லும் களிம்பு ஒன்று 1975-இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. அதன் பெயரிலிருந்து 'சிவப்பு நிறம்' என்று பொருள்படும் சொல் நீக்கப்பட்டது 2020-ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட நாற்பத்தைந்து ஆண்டுகளில் எத்தனை பெண் பிள்ளைகள் கண்ணாடி முன் நின்று கலங்கியிருப்பார்கள்! சோப்பு அழுக்கைப் போக்கும். தோலின் நிறம் அழுக்கன்று. இதை அறிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

ஒரு பெண்மணி கேட்ட கேள்வி

விளம்பரம் சொல்வதைக் கேட்டுக்கொள்வது தவிர வேறு வழியில்லையா? உண்டு என்று காட்டியவர் லூயிசா கார்லில் என்னும் ஆங்கிலப் பெண்மணி.

இன்புளுயன்சா காய்ச்சல் பரவிய காலம் அது. கார்பாலிக் புகைப் பந்து என்ற ஒரு சாதனத்தை ஒரு கம்பெனி பத்து ஷில்லிங்கிற்கு விற்றது. அதிலிருந்து எழும் புகையை மூக்கினால் இழுக்க வேண்டும். நாள்தோறும் மூன்று முறை, இரண்டு வாரம் முறைப்படி பயன்படுத்திய பின்னும் காய்ச்சல் வந்தால் 100 பவுன் பரிசு தருவதாகவும், தங்கள் நேர்மைக்குச் சான்றாக வங்கியில் 1,000 பவுன் செலுத்தியிருப்பதாகவும் 1891 நவம்பரில் அக்கம்பெனி விளம்பரம் செய்தது. திருமதி கார்லில் அதை வாங்கி, நாள் தவறாமல் ஏறக்குறைய இரண்டு மாதம் பயன்படுத்தினார். 1892 ஜனவரியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது.

பரிசைக் கேட்டார், கம்பெனி மறுத்தது. வழக்குத் தொடுத்தார். 'அது வெறும் விளம்பரப் பேச்சு. உலகத்தார் எல்லாரிடமும் ஒப்பந்தம் செய்ய முடியுமா?' என்று கம்பெனி வாதாடியது. 1892 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது: வங்கியில் பணம் போட்டிருப்பதாகச் சொன்னதே அது வெறும் பேச்சன்று என்பதற்குச் சான்று, வாக்குறுதியை நம்பி அதன்படி நடந்தவருக்குச் சொன்னதைக் கொடுத்தாக வேண்டும். அந்தத் தீர்ப்பை நம் நாட்டுச் சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். கம்பெனியின் அடுத்த விளம்பரத்தில் பரிசு 200 பவுனாக உயர்ந்தது. நிபந்தனைகளும் கூடவே சேர்ந்துகொண்டன!

நமக்குரிய பாடம்

பொருளுக்குப் பெயர் வந்தது நல்லதே. பெயர் இருந்தால்தான் பொறுப்பு இருக்கும். பெயரில்லா மிட்டாயால் மாண்டவர்களுக்கு நீதி கிடைக்கவில்லை. பெயர் போட்டு விற்ற புகைப் பந்திற்கு எதிராகத் திருமதி கார்லிலுக்கு நீதி கிடைத்தது. ஆனால் பெயர் தானாக நேர்மையைத் தந்துவிடாது. கேட்பவர் இருந்தால்தான் தரும்.

நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரம் இன்னதென்று வரையறுத்து, அதற்குத் தண்டனையும் விதித்துள்ளது. ஆனால் சட்டம் நூலில் இருக்கும். கடைக்குச் செல்பவர் நாம். ஆகவே ஒரு விளம்பரத்தைக் காணும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம். இது பொருளைப் பற்றிச் சொல்கிறதா, என் அச்சத்தைப் பற்றிச் சொல்கிறதா? சொன்னதைச் சோதித்துப் பார்க்க வழி உண்டா? சொன்னபடி இல்லையென்றால் பொறுப்பேற்பவரின் பெயரும் முகவரியும் பொட்டலத்தின் மேல் இருக்கின்றனவா?

மாணவியரே, நாளை ஒரு வீட்டின் வரவு செலவு உங்கள் கையில் வரும். இன்றே அம்மாவுடன் கடைக்குச் செல்லும்போது பொட்டலத்தைத் திருப்பி, முன்பக்கத்துப் படத்தை மட்டுமன்றிப் பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளையும் படியுங்கள். வாங்கியதற்கு ரசீது கேட்டு வாங்கி வையுங்கள். திருமதி கார்லில் செய்தது பெரிய வீரச் செயல் ஒன்றுமில்லை. சொன்ன சொல்லை நினைவில் வைத்திருந்து, 'சொன்னீர்களே, எங்கே?' என்று கேட்டார். அந்தக் கேள்வியை நாமும் கேட்கலாம்.