குடுவை வைத்தல்
சீன நாட்டுப் பழமருத்துவம் ஒன்று

உலகத்துப் பழங்குடி மக்கள் யாவரும் தத்தம் நாட்டின் இயல்புக்கும் தட்பவெப்பத்துக்கும் ஏற்ப மருத்துவ முறைகளை வகுத்துக்கொண்டனர். அவற்றுட் சில காலப்போக்கில் மறைந்தொழிந்தன; சில ஏட்டளவில் நின்றன; சில இன்றும் மக்கள் வாழ்வில் வழங்கி வருகின்றன. இம்மூன்றாம் வகையைச் சார்ந்தது சீனர் கையாளும் குடுவை வைத்தல். சீனர் இதனைப் 'பாகுவான்' என்பர். குடுவையை இழுத்தெடுத்தல் என்பது அச்சொல்லின் பொருளாம்.

யான் பள்ளியிறுதி வகுப்புகளைப் பயின்ற காலத்தில், எம் தந்தையார் ஆடை வணிகத்தின் பொருட்டுத் தென்சீனத்துக் குவாங்சௌ நகரில் வாழ்ந்தமையால், யானும் அந்நகரில் ஏறத்தாழ ஈராண்டு தங்கியிருந்தேன். ஐரோப்பியர் முன்னாளிற் காண்டன் என்று வழங்கிய நகரம் அதுவே. ஆண்டு இம்மருத்துவத்தை என் உடம்பிலேயே ஏற்றறியும் வாய்ப்பு நேர்ந்தது. கண்டதையும் பின்னர்க் கற்றதையும் ஒருங்குசேர்த்து நம் கல்லூரி அன்பர்கட்கு ஈண்டு உரைக்கத் துணிகின்றேன்.

வரலாறு

சீன நாட்டில் இம்முறை மிகத் தொன்மை வாய்ந்தது. ஹூனான் மாகாணத்துச் சாங்ஷா நகரையடுத்த மவாங்துய் என்னுமிடத்தில் 1973ஆம் ஆண்டு ஒரு பழைய கல்லறை அகழப்பட்டது. அது கி.மு. 168இல் மூடப்பெற்றது. அதனுட் கிடைத்த பட்டுச்சுவடிகளுள் ஒன்று ஐம்பத்திரண்டு நோய்கட்கு மருந்து கூறுவது. அச்சுவடி, மூலநோயின் வீக்கத்தைச் சிறு கொம்பினால் உறிஞ்சியெடுக்கும் முறையைக் குறிப்பிடுகின்றது. தொடக்கத்தில் விலங்கின் கொம்பே கருவியாயிருந்தமையின், இதற்குக் 'கொம்பு முறை' என்பதே பழம்பெயர். தாங் அரச மரபினர் ஆண்ட காலத்தில் (618–907) அரசாங்க மருத்துவக் கழகத்தில் மாணவர் பயின்ற ஐந்து பிரிவுகளுள் கொம்பு முறையும் ஒன்றாக வைத்தெண்ணப்பட்டது. பின்னர்க் கொம்பின் இடத்தை மூங்கிற் குழலும், மட்கலமும், கண்ணாடிக் குடுவையும் முறையே பெற்றன.

இஃது சீனர்க்கே தனியுரிமை என்று எண்ணுதல் பிழையாகும். கிரேக்க மருத்துவர் இதனை அறிந்திருந்தனர். அரபு நாட்டார் 'ஹிஜாமா' என்னும் பெயரால் இன்றும் போற்றுகின்றனர். நம் நாட்டுச் சுசுருத சங்கிதை, குருதி வாங்குதற்குப் பசுவின் கொம்பு, அட்டை, சுரைக்குடுக்கை ஆகிய மூன்றையும் கூறி, வாதத்துக்குக் கொம்பும், பித்தத்துக்கு அட்டையும், கபத்துக்குச் சுரைக்குடுக்கையும் ஏற்றன என வகுக்கின்றது. சுரைக்குடுக்கையினுள் விளக்கேற்றி வைத்தலும் அந்நூலிற் காணப்படும். சித்த மருத்துவர் கூறும் முப்பத்திரண்டு புறமருந்துகளுள் 'உறிஞ்சல்' என்பதும் ஒன்று. ஆதலின் அயல்நாட்டிற் புதுமையென யான் வியந்தது, என் பாட்டனார்க்குப் பாட்டனார் அறிந்த பொருளாயிருத்தல் கூடும்.

செய்முறை

எழுதுபலகையின்மேற் குனிந்து நெடுநேரம் படித்தமையால் எனக்குக் கழுத்திலும் தோளிலும் நோவுண்டாயிற்று. எம் வீட்டையடுத்த தெருவிற் சிறு மருத்துவச்சாலை நடத்திவந்த முதிய அம்மையார் ஒருவரிடம் அப்பா என்னை அழைத்துச் சென்றார். அப்பாவுக்குச் சீனமொழி வணிகத்துக்கு வேண்டும் எண்ணளவிலேயே தெரியும். யான் பள்ளியிற் பயின்ற சிறிது பொதுமொழியே எங்கள் இருவர்க்கும் நாவாயிற்று.

அம்மையார் என்னைக் குப்புறப் படுக்கச் செய்து முதுகில் எண்ணெய் தடவினார். இடுக்கியிற் பற்றிய பஞ்சுருண்டையைச் சாராயத்தில் நனைத்துக் கொளுத்தி, ஒரு கண்ணாடிக் குடுவையினுள் கண்ணிமைக்கும் அளவு செலுத்தி வெளியே எடுத்து, அக்கணமே குடுவையை என் தோளிற் கவிழ்த்தார். தீ உடம்பிற் படுவதில்லை. எனினும் தீயைக் கண்ட நெஞ்சம் நடுங்காதிருப்பதில்லை. குடுவை பற்றியவுடன் தோலும் தசையும் மேலெழுந்து அதனுட் புகுவதை உணர்ந்தேன். கிள்ளுவது போன்றும், இறுக்கிப் பிடிப்பது போன்றும், பின்னர் இதமான சூடு பரவுவது போன்றும் இருந்தது. எட்டுக் குடுவைகள் வைத்தார். பத்து நிமிடம் கழிந்தபின், விளிம்பின் ஓரத்தே விரலால் தோலை அழுத்தினார். காற்றுப் புகும் ஓசையுடன் ஒவ்வொன்றும் கழன்றது. வெந்நீர் ஒரு கோப்பை பருகத் தந்து, அன்று குளிர்ந்த நீரில் நீராட வேண்டா என்றும், முதுகிற் காற்றுப் படாமற் காத்துக்கொள்க என்றும் கூறியனுப்பினார்.

குடுவை பற்றுதற்குக் காரணம் யாது? உள்ளிருக்கும் உயிர்க்காற்றைத் தீ உண்டுவிடுதலே காரணமென்று பலர் கூறுவர். அது முழு உண்மை அன்று. சூடேறிய காற்று விரிந்து ஒரு பகுதி வெளியேறுகின்றது. குடுவையைத் தோலின்மேற் கவிழ்த்தபின், உள்ளே எஞ்சிய காற்று குளிர்ந்து அழுத்தம் குறைகின்றது. வெளிக்காற்றோ நம் உடம்பின் ஒவ்வொரு சதுர செண்டிமீட்டரிலும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையளவு அழுத்திக்கொண்டேயிருக்கின்றது. உள்ளழுத்தம் குறைந்தவிடத்துத் தசை மேலெழுதல் இயல்பே. தீயின்றிச் சிறு விசைக்குழாயாற் காற்றை இறைத்து வைக்கும் குடுவைகளும் இக்காலத்துண்டு. அவையும் அவ்வாறே பற்றுதல் இதற்குச் சான்றாகும்.

வடுக்கள்

மறுநாட் காலையில் என் முதுகைக் கண்ட அம்மா திடுக்கிட்டுப் போனார்கள். நாவற்பழ நிறத்தில் எட்டு வட்டங்கள் அதிற் பதிந்திருந்தன. சீன மருத்துவர் 'சீ' எனப்படும் உயிராற்றலும் இரத்தமும் உடம்பின் நெறிகளில் தடையின்றி ஓடுதலே நலமென்றும், குளிரும் ஈரமும் புகுந்து தடுக்கின் அவ்விடத்தே நோவுண்டாமென்றும் கருதுவர். வட்டம் எத்துணைக் கருநிறமுடையதோ அத்துணைத் தேக்கம் உள்ளதென்பது அவர் கொள்கை. ஈரம் மிக்க குவாங்தோங் நாட்டில் ஈரத்தைப் பழிக்காத வாய் இல்லை. அதனை நீக்குதற்கென மூலிகைக் கஷாயம் விற்கும் கடைகள் தெருத்தோறும் உள.

இக்கால உடற்கூற்று நூலார் கூறுவது வேறு. உறிஞ்சும் விசையால் தோலின்கீழுள்ள நுண்ணிய இரத்தக் குழல்கள் உடைந்து, கசிந்த குருதி தோலினடியில் தங்குகின்றது. அடிபட்டவிடம் கன்றிப்போதல் எத்தகையதோ இதுவும் அத்தகையதே. சில நாள் முதல் இரண்டு கிழமைக்குள் அது மறையும். நிறத்தின் அடர்த்தி உறிஞ்சும் வலிமையையும் வைத்த நேரத்தையும் தோலின் இயல்பையும் பொறுத்தது.

பயன் உண்டோ?

என் நோவு அன்றிரவே தணிந்தது, நன்றாக உறங்கினேன். மூன்றாம் நாள் அது திரும்பி வந்தது. நாற்காலியின் உயரத்தை மாற்றிப் படிக்கத் தொடங்கிய பின்னரே முற்றும் நீங்கிற்று. ஒருவன் அனுபவம் சான்றாகாது. எனினும் அதனைக் குறைத்தோ மிகுத்தோ கூறாமை நம் கடன்.

பிறர் ஆராய்ச்சியும் ஏறக்குறைய இதனையே காட்டுகின்றது. 1992 முதல் 2010 வரை வெளிவந்த 135 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்து 2012இல் வெளியான கட்டுரை, அக்கி, முகவாதம், கழுத்தெலும்புத் தேய்வு முதலியவற்றிற் பிற சிகிச்சையோடு சேர்க்குமிடத்து நன்மை இருத்தல் கூடுமென்று கூறி, அச்சோதனைகளுட் பெரும்பாலன செப்பமாக நடத்தப்படவில்லை என்றும் எச்சரித்தது. ஜெர்மனியில் நடத்தப்பெற்று 2016இல் வெளியான சோதனை ஒன்று இன்னும் நுட்பமானது. தசைநோவு மிக்க 141 பேருள் ஒரு சாரார்க்கு மெய்யான குடுவையும், மற்றொரு சாரார்க்குச் சிறு துளையிட்டமையால் உறிஞ்சும் விசை நில்லாத போலிக் குடுவையும் வைத்தனர். எஞ்சியோர் தம் வழக்கமான சிகிச்சையையே தொடர்ந்தனர். மெய்க்குடுவை பெற்றோர் வழக்கமான சிகிச்சை பெற்றோரினும் நலமுற்றனர். ஆயினும் போலிக்குடுவை பெற்றோரினும் மிக்க நலம் எய்தினாரல்லர். ஆதலின் குடுவையின் பயனுள் ஒரு பகுதி, அன்போடு தொடுங் கையினாலும் நம்பிக்கையினாலும் வருவதென்று கொள்ளுதல் தகும். 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக் பந்தயத்தில் அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் இவ்வட்டங்களைக் கண்டு உலகம் வியந்தது. அவர் 2008ஆம் ஆண்டிலேயே எட்டுத் தங்கப் பதக்கம் பெற்றவர் என்பதனையும் உடன் நினைத்தல் வேண்டும்.

கேட்டலும் சொல்லலும்

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருகின்றேன். என் நோவு தணிந்ததைக் கண்ட அப்பா, தமக்கிருந்த தோள்நோவுக்கும் குடுவை வைத்துக்கொள்ள விரும்பினார். அடுத்த வாரம் இருவரும் சென்றோம். அம்மையார் அப்பாவின் நாடியைப் பார்த்துவிட்டு, "இவர் நாள்தோறும் ஏதேனும் மருந்து உட்கொள்கின்றாரா?" என்று என்னை வினவினார்.

அப்பா இருதய நோய்க்குச் சிகிச்சை பெற்றவர். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையை நாள்தோறும் உட்கொள்பவர். வினாவை யான் தமிழிற் சொன்னவுடன், "ஒன்றுமில்லையென்று சொல், தம்பி. அந்த மாத்திரையைச் சொன்னால் இந்தம்மா வைக்க மாட்டார்கள்" என்றார்.

யான் வாயடைத்து நின்றேன். தந்தை சொல்லைக் கடந்து அறியேன். அன்றியும் அம்மருந்தின் பெயர் சீனமொழியில் எனக்குத் தெரியாது. தெரியாதென்று வாளாவிருப்பினும் என்னைக் குறைகூறுவார் ஒருவருமில்லை. அந்த அறையில் இருமொழியும் அறிந்தவன் யான் ஒருவனே. உண்மை என் நாவின் வழியன்றி வேறு வழியாகச் செல்லுதற்கு இடமில்லை. முடிவில், "இருதயம், இரத்தம் கட்டாமைக்கு மருந்து, ஒவ்வொரு நாளும்" என்று எனக்குத் தெரிந்த சிறு சொற்களைக் கோத்துச் சொன்னேன். அப்பாவின் சட்டைப்பையிலிருந்த மாத்திரை அட்டையையும் எடுத்துக் காட்டினேன்.

அம்மையார் கையிலெடுத்த குடுவையைக் கீழே வைத்துவிட்டார். அத்தகைய மருந்து உண்பவர்க்குத் தோலினடியில் உடைந்த குழல்களின் குருதி எளிதில் நில்லாது பெருங்கட்டாகத் திரளக்கூடும். ஆதலின் வைத்தல் தகாது என்றார். தோள்நோவை மருத்துவமனையிற் காட்டுமாறு கூறினார். கட்டணம் வாங்க மறுத்து, வழக்கம்போல் வெந்நீர் மட்டும் தந்தார். அப்பா வீடு சேருமளவும் என்னோடு ஒரு சொல்லும் பேசவில்லை.

பின்னர் ஜார்ஜ் ஆர்வெல் என்னும் ஆங்கில ஆசிரியர் 1946இல் வெளியிட்ட 'ஏழைகள் இறக்கும் வகை' என்ற கட்டுரையைப் படித்தபோது அவ்வறை மீண்டும் என் நினைவிற்கு வந்தது. அவர் 1929இல் பாரிஸ் நகரத்துப் பொது மருத்துவமனை ஒன்றிற் சுரத்தோடு கிடந்த அயல்நாட்டார். அடுத்த கட்டிலில் இருந்தவர்க்கு வைத்த குடுவைகளையே தூய்மை செய்யாமல் எடுத்துவந்து, அவரிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் அவர் முதுகில் வைத்தனர்.  குடுவை ஒன்றே, அங்கே வினவுவார் இலர், இங்கே வினவுவார் உளர். கருவியின் நன்மை தீமை பெரும்பாலும் அவ்வினாவிலேயே அடங்கிக் கிடக்கின்றது.

திருவள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என நான்காகப் பகுத்தனர். நோயாளிக்கு வேண்டுவனவற்றுள் தன் நோயின் நிலையை உணர்த்தும் வன்மையையும், உதவுவோனுக்கு வேண்டுவனவற்றுள் மனம் மொழி மெய்களின் தூய்மையையும் வைத்தெண்ணினர் உரையாசிரியர் பரிமேலழகர். இவ்வுரையை வகுப்பிற் படித்த அன்று, உதவுவோன் என்பான் மருந்து அரைப்போன் மட்டுமல்லன், பிறமொழி நாட்டில் ஒரு சொல்லை மறையாது பெயர்த்துரைப்போனும் அவனே என்று உணர்ந்தேன்.

அயல்நாட்டில் வாழ்வோர்க்கும், ஈங்கு இம்முறையை நாடுவோர்க்கும் சில சொற்கள். புண்பட்ட தோலிலும், குருதி நில்லா நோயுடையார்க்கும், இரத்தம் உறையாமைக்கு மருந்துண்போர்க்கும் குடுவை ஆகாது. தோலைக் கீறிக் குருதி வாங்குவதாயின், ஒருவர்க்குப் பயன்பட்ட கருவி மற்றொருவர்க்கு வாராமற் பார்த்தல் வேண்டும். இளைப்பாறுதலுக்கு வைத்துக்கொள்க, பெருநோய்க்கு இதனையே நம்பிக் காலம் தாழ்த்தற்க. வினவாத மருத்துவரிடமிருந்து எழுந்து வருக. வினவுவாரிடம் ஒன்றையும் மறையற்க.

அப்பா மறுவாரம் மருத்துவமனைக்குச் சென்றார். தோள்மூட்டின் இறுக்கமென்று கூறி அவர்க்குப் பயிற்சி சில கற்பித்தனர். அன்று மாலை ஒரு தாளையும் எழுதுகோலையும் என் முன் வைத்து, "அந்த மாத்திரையின் பெயரைச் சீன எழுத்தில் எழுதிக்கொடு, தம்பி" என்றார். அகராதியைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். இன்றும் அத்தாள் அவர் பணப்பையில் இருக்கின்றது.