இறுகிப்போன இன்ஜின் பாகங்களைக் கழற்றும் முறை

நசரத்பேட்டை வழியே செல்லும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவு பகலாக லாரிகள் ஓடுவதை நாம் காண்கிறோம். 1948-இல் தொடங்கப்பெற்று, 1955-இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறிய எண்ணூர்த் தொழிற்சாலையின் லாரிகளும் அவற்றுள் உண்டு. ஒரே லாரியை நம்பி வாழும் குடும்பத்தினர் சிறு பழுதுகளை வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்வது இயல்பு. ஆனால் கழல மறுக்கும் ஒரு நட்டை ஆத்திரத்தோடு முறுக்கி உடைத்துவிட்டால், அரை நாள் வேலை பல நாள் வருமான இழப்பாக முடியும்.

பாகங்கள் ஏன் இறுகுகின்றன? இரும்பு துருவாக மாறும்போது முன்னைவிட இரு மடங்குக்கும் மிகுதியான இடத்தை அடைக்கிறது. மரைகளின் இடுக்கில் அத்துரு ஆப்புப் போல் இறுகிவிடுகிறது. புகைக்குழாய் நட்டுகளில் வெப்பமும், இன்ஜெக்டரைச் சுற்றிப் படியும் கரியும் இவ்விறுக்கத்தை மிகுவிக்கின்றன.

வேலை தொடங்குமுன் இன்ஜின் நன்றாக ஆறவேண்டும். பாட்டரி இணைப்பை நீக்கி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தல் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி லாரியின் அடியில் நுழைதல் ஆகாது. இன்றைய டீசல் இன்ஜின்களில் எரிபொருளின் அழுத்தம் டயர்க் காற்றைப்போல் நூறு மடங்குக்கு மேற்பட்டது. ஓடும் இன்ஜினில் அக்குழாயைத் தளர்த்தினால் டீசல் தோலைத் துளைத்து உட்புகும். காயம் சிறிதாயினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

முதலில் மரையைக் கம்பித் தூரிகையால் துலக்கி, துரு இளக்கும் எண்ணெயை மாலையில் விட்டு இரவு முழுவதும் ஊறவிடுவோம். மறுநாள் சுத்தியலால் மெல்லத் தட்டுவோம். அதிர்வினால் துரு விரிசல் கண்டு எண்ணெய் உள்ளே இறங்கும். பின்னர், அளவு பொருந்திய ஆறுமுக ஸ்பானரை மாட்டி, முதலில் இறுக்கும் பக்கம் சிறிதளவு அசைத்து, பிறகு தளர்த்துவோம். சற்று அசைந்ததும் மீண்டும் எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாகத் திருப்புதல் நலம். நட்டைச் சூடேற்றினால் அது விரிந்து இளகும். எனினும் டீசலோ எண்ணெயோ உள்ள இடத்தில் தீயை அண்டவிடலாகாது.

இன்ஜெக்டர் இறுகியிருப்பின் கடப்பாரையால் நெம்பக்கூடாது. அதன் பிடியைக் கழற்றி, எண்ணெயில் ஊறவிட்டு, இரு பக்கமும் சிறிது சிறிதாகத் திருப்பி, அதற்குரிய இழுவைக் கருவியால் நேராக மேலே எடுக்கவேண்டும். துவாரத்தில் தூசு விழாதபடி தூய துணியால் அடைத்தல் அவசியம்.

ஸ்டட் முறிந்துவிட்டால் அதன் நடுவில் துளையிட்டு, இடம்புரிக் கருவியால் எடுப்பதுண்டு. அக்கருவி மிகக் கடினமான எஃகு. உள்ளே ஒடிந்துவிட்டால் சாதாரணத் துளைக்கருவி அதில் இறங்காது. ஆகவே இக்கட்டத்தில் லேத்துப் பட்டறையை நாடுவதே சிக்கனம்.

மீண்டும் பூட்டும்போது மரைகளைத் துலக்கி, புகைக்குழாய் நட்டுகளுக்கு வெப்பம் தாங்கும் மசகைத் தடவினால் அடுத்த முறை இத்தொல்லை குறையும். பதறாத காரியம் சிதறாது என்னும் முதுமொழி லாரிக்கும் பொருந்தும்.