தூரத்திலிருந்து ட்யூனிங்: பந்தயக் காரின் எஞ்சின் கம்ப்யூட்டர்



மலருக்கு மெக்கானிக்கல் பிரிவிலிருந்து ஒரு பாடக் கட்டுரை வேண்டும் என்று யூனியன் செயலாளர் கேட்டார். சிலபஸ்ஸில் இல்லாத ஆனால் நமக்கு உபயோகமான ஒன்றை எழுதலாம் என்று நினைத்தேன். திருநள்ளாறு ரோட்டில் உள்ள என் மாமாவின் ஒர்க்ஷாப்பில் போன லீவில் நான் நேரில் பார்த்த வேலை இது. செய்த வேலை என்று சொல்லலாமா என்பதைக் கடைசிவரை படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம்ம ஊர்க்காரர் ஒருவர் பழைய மாருதி எஸ்டீம் கார் ஒன்றை மாமாவிடம் விட்டு வைத்திருக்கிறார். ரோட்டில் ஓட்ட அல்ல. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள காரி மோட்டார் ஸ்பீட்வே டிராக்கில் ஓட்டுவதற்கு. எஞ்சினைப் பிரித்துச் சேர்த்தாயிற்று. இனி அதற்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். ட்யூன் செய்கிறவரோ கோயம்புத்தூரில். இங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். "படிக்கிற பையன் நம்ம வீட்லயே இருக்கான், லாப்டாப்பை அவன் பாத்துப்பான்" என்று மாமா சொல்லிவிட்டார். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அதனால் லாப்டாப், பேங்க் பாரம், கரண்ட் பில் எல்லாமே என் டிபார்ட்மெண்ட்.

முதலில் இந்தக் கம்ப்யூட்டர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். கார்புரேட்டர் காற்றின் இழுப்பை வைத்துப் பெட்ரோலைக் கலக்கும். இ.சி.யூ. சென்சார்களைப் படித்து, இன்ஜெக்டரை எத்தனை மில்லி செகண்ட் திறப்பது, ஸ்பார்க்கை எத்தனை டிகிரி முன்னால் கொடுப்பது என்ற இரண்டையும் கணக்குப் போடும். போஷ் கம்பெனி 1967-ல் டி-ஜெட்ரானிக் என்ற பெயரில் எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷனை ஃபோக்ஸ்வாகன் காரில் கொண்டு வந்தது. பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் ஒரே பெட்டிக்குள் சேர்த்த மோட்ரானிக் 1979-ல் பி.எம்.டபிள்யூ.வில் வந்தது. நம் நாட்டில் 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு ஸ்ப்ளெண்டர் பைக்கில்கூட இந்தப் பெட்டி உட்கார்ந்துவிட்டது. ஆகவே இது பணக்கார விளையாட்டு என்று யாரும் பக்கத்தைத் திருப்ப வேண்டாம்.

வெளியிலிருந்து வாங்கிப் போடுவதில் மூன்று வழி உண்டு. கம்பெனி இ.சி.யூ.வின் உள்ளே இருக்கும் டேபிளையே மாற்றி எழுதுவது ஒன்று. ஒரிஜினலை அப்படியே விட்டு, இடையில் ஒரு பெட்டியைச் செருகி சிக்னலைத் திருத்துவது இன்னொன்று. இதற்குப் பிக்கிபேக் என்று பெயர், பெங்களூரில் தயாராகும் பவர்ட்ரானிக் இந்த வகை. மூன்றாவது ஸ்டாண்டலோன், அதாவது பழையதைக் கழற்றிவிட்டு முழுப் பொறுப்பையும் புதுப் பெட்டியிடம் ஒப்படைப்பது. ஆஸ்திரேலியாவின் மோடெக், ஹால்டெக், நியூசிலாந்தின் லிங்க், போலந்தின் இ.சி.யூ.மாஸ்டர் எல்லாம் இப்படிப்பட்டவை. ஏழைக்கேற்ற எள்ளுருண்டையும் உண்டு. அமெரிக்காவில் பௌலிங், கிரிப்போ என்ற இருவர் உருவாக்கிய மெகாஸ்குவர்ட் ஒன்று. ஆஸ்திரேலியாவின் ஜோஷ் ஸ்டூவர்ட் ஆரம்பித்த ஸ்பீடுயினோ மற்றொன்று. பின்னது நம் இ.சி.இ. நண்பர்கள் பிராஜெக்டுக்கு வாங்கும் அதே ஆர்டுயினோ மெகா 2560 போர்டில் ஓடுகிறது! சர்க்யூட், புரோகிராம் எல்லாம் திறந்தே கிடக்கிறது.

எதை வாங்குவது? எல்லோரும் எத்தனை எச்.பி. கூடும் என்று கேட்கிறார்கள். இ.சி.யூ. தானாக ஒரு எச்.பி.யும் கூட்டாது. இதை ட்யூன் பண்ணப் போகிறவர் யார், அவருக்கு எந்தப் பெட்டி பழக்கம் என்பதுதான் முதல் கேள்வி என்பது என் அபிப்பிராயம். அடுத்து, கிராங்கில் உள்ள பல்சக்கரத்தின் அமைப்பு அதற்குப் புரியுமா, இன்ஜெக்டருக்கும் காயிலுக்கும் போதுமான அவுட்புட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்தான். கோயம்புத்தூர்க்காரர் ஸ்பீடுயினோவை அறிந்தவர். ஆகவே அதையே வாங்கினோம். கிராங்க் புல்லியில் லேத்தில் கடைந்த சக்கரம் ஒன்றைப் பொருத்தினோம். அதில் 36 பல்லுக்கு இடம், ஒரு பல் மட்டும் இல்லை. அந்த ஓட்டைப் பல் கடக்கும்போதுதான் கிராங்க் எங்கே நிற்கிறது என்று பெட்டிக்குத் தெரியும்.

இன்ஜெக்டர் அளவுக்கு நம் தெர்மல் பாடமே போதும். எஞ்சின் 1298 சி.சி., ஒரு சிலிண்டருக்கு 324.5. நம்ம ஊர் வெக்கையில் ஒரு லிட்டர் காற்று சுமார் 1.15 கிராம் இருக்கும். ஒரு முறை முழுசாக நிரம்பினால் 0.373 கிராம் காற்று. முழு இழுப்பில் 12.5 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்றால் 0.03 கிராம், அதாவது 0.04 சி.சி. 6500 ஆர்.பி.எம்.மில் நிமிஷத்துக்கு 3250 தடவை. பெருக்கினால் சுமார் 131 சி.சி. இன்ஜெக்டரை முழு நேரமும் திறந்து வைக்கக் கூடாது, 85 சதவீதம்தான். அப்போது 154 சி.சி. இன்ஜெக்டர் போதும் என்று வந்தது. கணக்கு சரிதான் என்று நோட்டை மூடினேன்.

பாரதியார் ரோட்டு பங்கில் பெட்ரோல் போடும்போதுதான் ஞாபகம் வந்தது. (நாகூரிலிருந்து வாஞ்சூர் தாண்டி வந்து டேங்க் நிரப்பிப் போகிறார்களே, அந்த விலை குறைந்த நம்ம ஊர் பெட்ரோல்தான்.) இப்போது விற்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. சுத்தப் பெட்ரோல் சரியாக எரிய 14.7 பங்கு காற்று கேட்கும். எத்தனால் 9 பங்குதான் கேட்கும். இரண்டையும் எடைக் கணக்கில் கலந்தால் 13.5 வரும். அதாவது அதே காற்றுக்கு இன்னும் கொஞ்சம் எரிபொருள் தேவை. திரும்பக் கணக்குப் போட்டால் இன்ஜெக்டர் 166 சி.சி. வேண்டும். வெளிநாட்டு வீடியோ பார்த்து அந்த ஊர் மேப்பை அப்படியே இறக்கிப் போடுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். அந்த மேப்பில் நம்ம பெட்ரோல் கலவை இளைத்துப் போகும், பிஸ்டன் சூடாகும்.

இதனால்தான் ட்யூனர் சார் முதல் நாளே, "தம்பி, எனக்கு 14.7 அது இதுன்னு சொல்லாத, லாம்டாவுல சொல்லு" என்றார். சைலன்ஸர் குழாயில் மாட்டும் வைட்பேண்ட் சென்சார், எரிந்த புகையில் ஆக்சிஜன் மிச்சமா பற்றாக்குறையா என்றுதான் பார்க்கிறது. எந்த எரிபொருளாக இருந்தாலும் சரியான கலவைக்கு லாம்டா 1. மீட்டரில் தெரியும் 14.7 அதைப் பெட்ரோல் கணக்கில் மாற்றிக் காட்டுவது, அவ்வளவே. முழு இழுப்புக்கு நாங்கள் வைத்தது 0.85.

இனி தூரத்து ட்யூனிங். காரிலிருந்து யு.எஸ்.பி. ஒயர் லாப்டாப்புக்கு, லாப்டாப்பில் ட்யூனர்ஸ்டுடியோ, என் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் எனிடெஸ்க். அவர் அங்கே உட்கார்ந்து நம் ஸ்கிரீனில் மவுஸை நகர்த்துவார். பார்க்கப் பேய் ஓட்டுவது போல இருக்கும். ஸ்டார்ட்டிங், ஐடில் வரைக்கும் இப்படி நேரடியாகச் செய்யலாம். வண்டி ஓடும்போது கூடாது. டவர் போய்விட்டால் பாதி மாற்றத்தில் எஞ்சின் நிற்கும். ஓடும்போது லாக் பதிவு செய்து ஃபைலை அனுப்ப வேண்டும். அவர் பார்த்து, டேபிளில் உள்ள 256 கட்டங்களில் எது இளைப்பு, எது கொழுப்பு என்று திருத்தித் திருப்பி அனுப்புவார். அதை ஏற்றி மறுபடி ஓட்டு, மறுபடி அனுப்பு. எங்களுக்கு 11 ஃபைல் ஆனது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அவருக்கு எஞ்சின் தெரியாது, எண்கள்தான் தெரியும். எண் பொய் சொன்னால் அவர் திருத்துவதும் பொய்யாகிவிடும். ஆகவே அவர் கேட்பதற்கு முன்பே நாம் எண்களைச் சோதிக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் கூலண்ட் சூடும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டிக்கு இரண்டு சூடு ஏது? எஞ்சின் ஓடாதபோது மேப் சென்சார் 100, 101 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும், நாம் கடல் மட்டத்தில் இருக்கிறோம். எங்களுடையது 94 காட்டியது. சென்சார் போய்விட்டது என்று மாமா புதுசு வாங்கப் போனார். பார்த்தால் எர்த் ஒயரின் நுனியில் பச்சை பூத்திருந்தது. கடல் காற்று. சுரண்டி, தகரம் வைத்து, வாஸ்லின் தடவியதும் 101 வந்தது. சைலன்ஸர் ஜாயிண்ட்டில் ஒழுக்கு இருந்தாலும் இதே கதைதான். வெளிக்காற்று உள்ளே போய் லாம்டா இளைப்பு என்று காட்டும், அவரும் அங்கிருந்து பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போவார்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஸ்பார்க் டைமிங். சாஃப்ட்வேரில் 10 டிகிரி என்று பூட்டிவிட்டு, டைமிங் லைட்டை அடித்து, புல்லியில் உள்ள கோடும் 10-ல்தான் நிற்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் டிரிக்கர் ஆங்கிளில் திருத்த வேண்டும். இதை லாப்டாப்பில் பார்க்கவே முடியாது. காருக்குப் பக்கத்தில் நிற்கும் ஆள்தான் பார்க்க முடியும்.

நான் பார்த்தது மத்தியானம் இரண்டு மணிக்கு. வெயிலில் லைட் அடித்தது தெரியவே இல்லை. கோடு எங்கேயோ மின்னியது. போனில் சார், "பத்துல நிக்குதா?" என்றார். மாமா, இரண்டு ஒர்க்ஷாப் பசங்கள், கார் ஓனரின் தம்பி எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். "நிக்குது சார்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். சரியாகத் தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படிச்ச பையனுக்கே தெரியலையா என்று ஒரு வார்த்தை வந்துவிடுமோ என்ற பயம். நம்மில் பலருக்கு இது இருக்கும் என்று நினைக்கிறேன். வைவாவில் நடப்பதும் இதுதானே.

இரண்டு நாள் கழித்து, வீடு எதுவும் வராத ஒரு மனைப்பிரிவின் தார் ரோட்டில், மனைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, லோடு கொடுத்துப் பார்த்தோம். மூணாவது கியர், இடது காலால் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே ஆக்ஸிலேட்டர். லாம்டா அழகாக 0.86 காட்டியது. லாக்கில் ஒரு குறையும் இல்லை. அன்றைக்கு என் அப்பாவும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். அவர் துறைமுகத்தில் விசைப்படகுகளுக்கு எஞ்சின் வேலை பார்ப்பவர், லேலண்ட் எஞ்சினில் ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்தே வால்வு சத்தம் சொல்வார். ரோட்டோரம் நின்றவர் கையைக் காட்டி நிறுத்தினார். "என்னடா தம்பி, இழுக்கும்போது உள்ள சல்லி உருளுது?" என்றார்.

அதுதான் நாக்கிங். ஸ்பார்க் ரொம்ப முன்னால் விழுந்து, மிச்சக் கலவை தானாக வெடிக்கும் சத்தம். எங்கள் காரில் நாக் சென்சார் இல்லை. ஆகவே லாக்கில் அதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. பிளக்கைக் கழற்றினால் மூணாவது சிலிண்டரில் பீங்கான் மேல் மிளகுப்பொடி தூவியது போலப் புள்ளி. இன்னும் நாலு இழுப்பு இழுத்திருந்தால் பிஸ்டன் போயிருக்கும். அடுத்தவர் வண்டி. மாமா தன் ஒர்க்ஷாப் பெயரை நம்பி வாங்கிய வேலை.

பெட்ரோலில் குறை, பிளக்கில் குறை என்று சொல்ல ஆயிரம் வழி இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். இரவு எட்டு மணிக்கு சாருக்குப் போன் செய்து, "அன்னைக்குக் கோடு எனக்குச் சரியாத் தெரியல சார், தெரியாமலே சொல்லிட்டேன்" என்றேன். திட்டுவார் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "இருட்டாத்தானே இருக்கு, இப்பவே லைட் அடிச்சுப் பாரு" என்றார்.

கோட்டில் வெள்ளைப் பெயிண்ட் வைத்து, ஒர்க்ஷாப் டியூப் லைட்டை அணைத்துவிட்டு, அப்பா டார்ச் பிடிக்க, பார்த்தேன். 17. ஏழு டிகிரி அதிகம். அவர் 28 என்று எழுதிய கட்டத்தில் எஞ்சினுக்கு 35 போயிருக்கிறது. டிரிக்கர் ஆங்கிளை 7 திருத்தி மறுபடி அடித்தோம், 10-ல் நின்றது. மாமாவிடமும் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு நாள் "மாப்ள" என்று கூப்பிடவில்லை, அவ்வளவுதான். டைமிங் தப்பாக இருந்தபோது எடுத்த லாக் எல்லாம் வீண் என்று சார் முதலிலிருந்து ஆரம்பித்தார். 11 ஃபைலில் 6 ஃபைல் அதற்குப் பிறகு வந்தவை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ரோட்டில் ஓடும் வண்டியைக் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது, மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. எஸ்டீமை லாரியில் ஏற்றித்தான் கோயம்புத்தூர் அனுப்பினோம்.

முழு இழுப்பு வேலையை அங்கே டைனோவில் சார் செய்தார். எனக்கு செமஸ்டர், போக முடியவில்லை. லாக் ஃபைலை மட்டும் வாட்ஸப்பில் அனுப்பினார். ஆக்ஸிலேட்டர் முழுசாக மிதித்தும் மேப் 96-ஐத் தாண்டவில்லை. திரும்பவும் எர்த் ஒயரா என்று ஒரு நிமிஷம் திக்கென்றது. அப்புறம்தான் கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் என்பது உறைத்தது. அங்கே காற்றே அவ்வளவுதான். இருந்தாலும் இந்தத் தடவை நானே முடிவு கட்டிக்கொள்ளவில்லை. எஞ்சின் ஓடாதபோது எவ்வளவு காட்டியது என்று கேட்டு மெசேஜ் போட்டேன். "97 தம்பி" என்று பதில் வந்தது.

அந்த 11 ஃபைலும் என் பென் டிரைவில் இருக்கிறது. பார்க்க விரும்பும் நண்பர்கள் மதிய இடைவேளையில் ஆட்டோமொபைல் லேப் பக்கம் வரலாம்.