பாலர் சபைகளும் இன்றைய நாடகப் பள்ளியும்

முத்தமிழுள் இயலையும் இசையையும் பயில விரும்பும் சிறுவர்க்கு வழிகள் பல உள்ளன. நாடகம் பயில விரும்பினால் எங்கே செல்வது என்று ஒரு சிறுவன் கேட்பானாயின், விடை கூறத் தயங்குகிறோம். பல்கலைக்கழகங்களில் நாடகத் துறைகள் சில உண்டு. ஆயினும் அவை பெரும்பாலும் பட்டம் பெற்ற பின் வருவோர்க்கு உரியவை. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு, அதுவும் நகருக்கு வெளியே புறநகர்ப் பகுதிகளில் வாழும் பிள்ளைகளுக்கு, நாடகம் கற்பிக்கும் இடம் அரிது. அத்தகைய பள்ளி ஒன்றை எவ்வாறு நடத்துவது என்பதற்கு நம் பாலர் நாடக சபைகளின் வரலாறே பாடமாக அமையும். எதைச் செய்ய வேண்டும் என்பதை அது காட்டுகிறது. எதைச் செய்யலாகாது என்பதையும் காட்டுகிறது.

சபைகள் தோன்றிய காரணம்

தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ஆம் ஆண்டு தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். அவர் காலத்தில் 'ஸ்பெஷல் நாடகம்' என்னும் முறை பரவியிருந்தது. இம்முறையில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் ஆகிய வேடக்காரர்கள் தனித்தனியே பேசி அமர்த்தப்பட்டு, மேடையில்தான் ஒன்றுகூடுவர். எழுதிய உரையாடலை விட்டு வாதத்தில் இறங்குவதும், ஒருவரை ஒருவர் பாட்டால் மடக்குவதும் இயல்பாயின. நாடகம் பின்தங்கி, நடிகர் முன்னின்றனர்.

இதற்கு மாற்றாகச் சுவாமிகள் கண்ட வழியே சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்துவது. வளைந்து கொடுக்கும் வயதில் பயிற்றினால் எழுதியது எழுதியபடி நிகழும் என்பது அவர் கருத்து. 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபைக்கு அவர் ஆசிரியராக விளங்கினார். 1912-இல் பிறந்த டி. கே. சண்முகம் ஆறு வயதில் தம் உடன்பிறந்தாருடன் அச்சபையில் சேர்ந்தார். பிற்காலத்தில் ஔவையார் வேடத்தால் 'ஔவை சண்முகம்' என்றே பெயர் பெற்றவர் அவர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, நவாப் ராஜமாணிக்கம் அவர்கள் நடத்திய மதுரை தேவி பால விநோத சங்கீத சபை முதலியனவும் இவ்வகையினவே. எம். ஜி. இராமச்சந்திரனும் சிவாஜி கணேசனும் இத்தகைய சபைகளில் சிறு வயதில் சேர்ந்து பயின்றவர்களே.

பயிற்சி முறை

பாலர் சபை என்பது ஒரு குருகுலம். சிறுவர் அனைவரும் 'கம்பெனி வீட்டில்' ஒன்றாகத் தங்குவர். உணவும் உடையும் சபையின் பொறுப்பு. ஆசிரியரை 'வாத்தியார்' என்றே அழைப்பர். பாட்டும் வசனமும் நாள்தோறும் மனப்பாடம் செய்யப்படும். சொல்லைத் தெளிவாக உச்சரிக்கவும், பாவம் குன்றாமல் பாடவும், மேடையில் நிற்கவும் நடக்கவும் கற்பிக்கப்படும்.

இம்முறையின் சிறப்புகள் இரண்டு. ஒன்று, தன் வேடம் மட்டுமன்றிப் பிறர் வேடத்தையும் சிறுவன் கேட்டுக் கேட்டுக் கற்றான். ஒருவன் நோயுற்றால் மற்றொருவன் அவ்விடத்தில் நின்றான். மற்றொன்று, பிள்ளையைப் பார்த்து நாடகம் எழுதப்பட்டது. சிறுவர் சண்முகம் நடிப்பதற்கென்றே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று சண்முகமே பதிவு செய்துள்ளார். மாணவனின் ஆற்றலை அறிந்து பாடம் அமைத்த ஆசிரியர் அவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

கொடுத்த விலை

எனினும் இச்சபைகளை வாயாரப் புகழ்ந்து அமைந்துவிடுதல் முறையன்று. அப்பயிற்சிக்குச் சிறுவர் கொடுத்த விலை பெரிது.

முதலாவது, பள்ளிக் கல்வி. ஊர் ஊராகச் சென்று இரவெல்லாம் நாடகம் நடத்திய சபையில் பகற்பள்ளிக்கு இடமில்லை. வறுமை காரணமாகவே பெற்றோர் பலர் பிள்ளைகளைச் சபையில் விட்டனர். ஒரு வாயேனும் குறையும் என்பதே அவர்தம் எண்ணம்.

இரண்டாவது, மகரக்கட்டு. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்குமாறு உச்சக் கட்டையில் பாட வேண்டும். பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல்வளை வளர்ந்து குரல் உடையும்போது, பாட்டால் வாழ்ந்த சிறுவனின் மதிப்பு ஒரே பருவத்தில் சரிந்தது. நேற்று வரை கதாநாயகியாய் நின்றவன் இன்று திரைக்குப் பின்னால் நின்றான்.

மூன்றாவது, அடி. பிரம்பின்றிப் பாடமில்லை என்று நம்பிய காலம் அது. அந்நாளைய நடிகர்களின் நினைவுகளில் அடிபட்ட செய்தி இடம்பெறாதது அரிது.

இம்மூன்றிற்கும் வேர் ஒன்றே என்பது ஈண்டு எண்ணத்தக்கது. சபையை நடத்தியது வசூல். வசூலை ஈட்டியவர் சிறுவர். கொட்டகை வாடகையும், இரயில் கட்டணமும், அத்தனை பேரின் சாப்பாடும் பிள்ளைகளின் தொண்டையிலிருந்தே வர வேண்டியிருந்தது. எனவே சிறுவன் ஓய்வெடுத்தால் சபைக்கு இழப்பு. அவன் குரல் உடைந்தால் சபைக்கு இழப்பு. வாத்தியார் எவ்வளவு நல்லவராயினும் இக்கணக்கிலிருந்து தப்ப இயலாது. பள்ளியும் தொழிலும் ஒன்றாயிருந்ததே அதன் வலிமை. அதுவே அதன் குற்றமும் ஆயிற்று.

புறநகரில் ஒரு பள்ளி

1931-இல் தமிழ்ப் பேசும்படம் வந்தது. நடிகர் பலர் திரைக்குச் சென்றனர். காலப்போக்கில் பாலர் சபைகளும் மறைந்தன. 1977-இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை, நடிப்பை நாள்தோறும் பயில வேண்டிய கலையாக மீண்டும் நம் கண்முன் நிறுத்தியது. ஆனால் அது வளர்ந்தோர்க்கான முயற்சி. சிறுவர்க்கான இடம் வெறுமையாகவே கிடக்கிறது.

தாம்பரம், ஆவடி போன்ற பகுதிகளை எண்ணிப் பார்ப்போம். பெற்றோர் மின்சார இரயிலில் நகருக்குச் சென்று இருட்டிய பின் திரும்புகின்றனர். சபா அரங்குகளோ மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் உள்ளன. பள்ளி விட்டபின் பிள்ளைக்குக் கிடைக்கும் இரண்டு மணி நேரமே நாடகப் பள்ளிக்குரிய நேரம். அதனை நடத்த முற்படுவோர் பின்வருவனவற்றைக் கருத்திற்கொள்ளுதல் நலம்.

ஒன்று: பிள்ளை மாலையில் வந்து இரவு உணவுக்கு வீடு திரும்ப வேண்டும். ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வி உரிமை என 2009-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. தேர்வுக் காலத்தில் ஒத்திகை கூடாது.

இரண்டு: பள்ளியின் செலவு நுழைவுச்சீட்டு வசூலை நம்பியிருத்தல் கூடாது. பள்ளிக்கூடத்து மண்டபமோ சமுதாயக் கூடமோ கிடைத்தால் பெருஞ்செலவு குறையும். சிறு கட்டணமும், இயலாத பிள்ளைக்கு ஊரார் உதவியும் எஞ்சியதை ஈடுசெய்யும். மேடையேற்றம் ஆண்டுக்கு இரண்டு முறை போதும்.

மூன்று: பாலர் சபையைப் போல எல்லாரும் எல்லா வேடமும் கற்க வேண்டும். ஒரு காட்சியில் அரசனானவன் அடுத்த காட்சியில் திரை இழுக்கட்டும். இதனால் 'நட்சத்திரச் சிறுவன்' தோன்றான்.

நான்கு: குரல் உடையும் பருவத்தில் உரக்கப் பாடவும் கத்தவும் விடலாகாது. தாழ்ந்த சுருதியில் மெல்லப் பேசும் வேடங்களையும், ஊமை நாடகத்தையும், மேடைப் பணிகளையும் அப்போது தரலாம். அப்பருவம் இழப்பன்று என்று பிள்ளைக்கு உணர்த்துவது ஆசிரியர் கடமை.

ஐந்து: அன்று பெண் வேடத்தையும் ஆண்பிள்ளைகளே தாங்கினர். இன்று சிறுமியரும் சமமாய் வர வேண்டும். அவர்கள் அச்சமின்றி வந்து போகப் பெண் ஆசிரியர் ஒருவரேனும் இருத்தல் இன்றியமையாதது.

முடிவுரை

சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் புதுச்சேரியில் மறைந்தார். அவர் பயிற்றிய பிள்ளைகள் தமிழ் நாடகத்தை அடுத்த தலைமுறைக்குத் தந்தனர். அவர்கள் நமக்கு விட்டுச் சென்றது பயிற்சி முறை மட்டுமன்று; தாம் இழந்த பிள்ளைப் பருவத்தின் கணக்கையும் விட்டுச் சென்றுள்ளனர். முன்னதைக் கைக்கொண்டு, பின்னது மீண்டும் நேராவண்ணம் காப்பதே இன்று நாடகப் பள்ளி நடத்துவோர் ஏற்க வேண்டிய கடமை. நம் கல்லூரியிலிருந்து வெளியேறும் நாடக ஆர்வலர் இருவர் மூவர் தத்தம் ஊரில் ஒரு மாலை வகுப்பைத் தொடங்கினாலும் போதும். நடிகர் பலர் உருவாகாவிடினும், தெளிவாகப் பேசவும், பிறர் பேசுவதைப் பொறுமையுடன் கேட்கவும் அறிந்த பிள்ளைகள் உருவாவர். அதுவே பெரும் பயன்.